நீம்: காசு கொடுத்துப் பார்ப்பதும் காசில்லாமல் பார்ப்பதும்

தென் பிரான்சில் ரோமானியக் கட்டடங்களைப் பார்க்க ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும் என்றால், நீம் நகரத்துக்குப் போங்கள். ஆர்லுக்கு ஆற்றங்கரை அழகு உண்டு. ஒராஞ்சில் நாடக அரங்கின் பின்சுவர் முழுதாக நிற்கிறது. ஆனால் ஒரு ரோமானிய நகரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது, வண்டிகள் எந்த வாசலில் நுழைந்தன, பல்லாயிரம் பேர் கூடிய கூட்டம் எப்படி உட்கார்ந்து எப்படிக் கலைந்தது என்பதை எல்லாம் கால்நடையாகவே பார்த்துவிட முடிகிற ஊர் நீம்தான். (எழுத்தில் கடைசியாக ஒரு 'ஸ்' இருக்கும், அதை யாரும் உச்சரிப்பதில்லை. நீம் என்றே கேளுங்கள், வழி சொல்வார்கள்.)

பெரிய குறை ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். விளம்பரமெல்லாம் டிக்கெட் விற்கும் மூன்று இடங்களுக்கே போகிறது: அரங்கம், மேசோன் காரே கோயில், தூர் மாஞ் கோபுரம். ஊரிலேயே அதிகம் கற்றுத்தரும் இடமோ ஒரு குறுக்குத் தெருவின் ஓரத்தில், கம்பி வேலிக்குப் பின்னால், கட்டணம் இல்லாமல் கிடக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்காமலே ரயில் ஏறிவிடுகிறார்கள்.

ரயில் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஊருக்கு இரண்டு ரயில் நிலையங்கள். பழையது 'நீம் சோந்தர்', ஊருக்குள்ளேயே இருக்கிறது. இறங்கி நேரே எதிரில் உள்ள மரநிழல் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் அரங்கம். இன்னொன்று 2019 டிசம்பரில் திறந்த 'நீம் போன் து கார்' நிலையம். பெயரில் புகழ்பெற்ற ரோமானிய நீர்ப்பாலம் இருக்கிறதே தவிர, பாலத்துக்கு அங்கிருந்து நடந்து போக முடியாது. ஊரிலிருந்தும் அது 12 கிலோமீட்டர் தள்ளி, மாந்துவெல் கிராமத்துப் பக்கம் வயல்வெளியில் நிற்கிறது. பாரிஸிலிருந்து வரும் அதிவேக ரயில்களில் சில சோந்தரில் நிற்கும், சில இதில் நிற்கும். தவறிப்போய் இதில் இறங்கினால் பதற வேண்டாம், ஊருக்குள் போக உள்ளூர் ரயில் உண்டு. ஆனால் இணைப்பு ரயிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து சோந்தருக்குச் சுமார் 3 மணி நேரம். பாரிஸில் இருக்கும் நம் ஆட்கள் காலை ரயிலில் வந்து இரவு ரயிலில் திரும்புவதுண்டு. ஊரை மட்டும் பார்க்க அது போதும், பாலத்தையும் சேர்த்தால் போதாது.

டிக்கெட் விஷயம் எளிது. மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கிறது, தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு. அரங்கத்துக்கு எதிரே உள்ள அருங்காட்சியகத்தையும் சேர்த்த டிக்கெட்டும் உண்டு. விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அவரவர் போகிற வாரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் கணக்கு இதுதான்: மலையேற விருப்பமோ முழங்கால் பலமோ இல்லாதவர்கள் அரங்கத்துக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்தால் போதும். மேசோன் காரேயின் உள்ளே போவதற்கென்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். அதன் அருமை முழுவதும் வெளியில் இருக்கிறது, வெளியே நின்று பார்க்கக் கட்டணம் இல்லை.

அரங்கத்துக்கு வருவோம். முதலாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. நீள்வட்டம், வெளியளவு 133 மீட்டருக்கு 101 மீட்டர், உயரம் 21 மீட்டர். நடுவில் உள்ள மணல்தளம் சுமார் 68-க்கு 38. ரோமானிய உலகில் இதைவிடப் பெரிய அரங்கங்கள் பல உண்டு, பக்கத்து ஊர் ஆர்லில் உள்ளதே சற்றுப் பெரியது. ஆனால் மற்ற பல இடங்களில் உச்சிச் சுவர் இடிந்துபோனது, இங்கே அது நிற்கிறது. ஆகவே உள்ளே நுழைவதற்கு முன் ஒரு முழுச் சுற்று வெளியே நடங்கள். கீழே 60 வளைவுகள், மேலே 60 வளைவுகள், அதற்கும் மேலே ஒரு தாழ்வான கட்டு. அந்தக் கட்டில் வரிசையாகத் துளையிட்ட கல்தாங்கிகள் துருத்திக்கொண்டிருக்கும், மொத்தம் 120. அவற்றில் மரக்கம்பங்களைச் செருகி, கயிறு கட்டி, வெயிலுக்குத் துணிப்பந்தல் இழுத்தார்கள். ரோமில் உள்ள கொலோசியத்தில்கூட இவ்வளவு தெளிவாக இதைப் பார்க்க முடியாது.

அந்தச் சுற்றில் இன்னும் சில உண்டு. வடக்கு வாசலுக்கு மேலே இரண்டு காளைகளின் முன்னுடல்கள் கல்லிலிருந்து எட்டிப் பார்க்கும். வெளித்தூண்களில் ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகளும், மோதும் இரண்டு வாள்வீரர்களும் சிறு புடைப்புகளாக இருக்கின்றன. அருகில் அறிவிப்புப் பலகை எதுவும் கண்ணில் படாது, தேடித்தான் பார்க்க வேண்டும். மேல்தள வளைவுகளில் இரண்டை அடைத்து அதில் சின்ன ஜன்னல் வைத்திருப்பதைக் காண்பீர்கள். அது ரோமானிய வேலை அல்ல, இடைக்காலத்தில் அரங்கத்துக்குள் கோட்டை இருந்ததன் மிச்சம். ரோமானியருக்குப் பின் ஆண்ட விசிகோத்துகள் என்னும் ஜெர்மானிய இனத்தார் இதைக் கோட்டையாக்கினார்கள். பின்னர் உள்ளே வீடுகளும் தேவாலயங்களுமாக ஒரு முழுக் குடியிருப்பே முளைத்தது. 18-ஆம் நூற்றாண்டிலும் சுமார் 700 பேர் உள்ளே வாழ்ந்தார்கள். 1786-க்குப் பிறகே அந்த வீடுகளை அகற்றத் தொடங்கினார்கள். ஆளில்லாமல் கிடந்திருந்தால் கல்லுக்காக இடித்துக்கொண்டு போயிருப்பார்கள். குடியிருந்ததால் தப்பிய கட்டடம் இது.

உள்ளே போனதும் எல்லாரும் செய்வது போல நேரே மணலைப் பார்க்கப் போகாதீர்கள். முதலில் கீழ்த்தளத்தின் வெளிச்சுற்றுப் பாதையில் கால்வட்டம் நடங்கள். கட்டடத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது. 34 வரிசை இருக்கைகள் நான்கு அடுக்குகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் தனி நடைபாதை, தனிப் படிக்கட்டு, தனி வாசல். கீழ் அடுக்கில் உட்காரும் பிரமுகரும் உச்சியில் உட்காரும் அடிமையும் ஓரிடத்திலும் சந்திக்காமல் உள்ளே வந்து வெளியே போய்விடலாம். இருக்கைகளுக்கு நடுவே திறக்கும் வாயில்கள் மட்டும் நூற்றுக்கு மேல். சுமார் 24,000 பேர் கொண்ட கூட்டம் நெரிசல் இல்லாமல் கலைந்ததற்குக் காரணம் அந்த எண்ணிக்கை மட்டும் அல்ல. மேலிருந்து இறங்குகிற பாதைகள் கீழே வரவர அகன்றுகொண்டே வருகின்றன, எங்கேயும் குறுகுவதில்லை. மேலே ஏறும்போது இதைக் கவனிக்க முடியாது. இறங்கும்போது கவனியுங்கள்.

இருக்கைகளில் பொறித்திருந்த எழுத்துகளும் கிடைத்திருக்கின்றன. ரோன், சோன் ஆறுகளின் படகோட்டிகள் சங்கத்துக்கு 40 இடங்கள் ஒதுக்கியிருந்ததாக ஒன்று சொல்கிறது. மணலுக்கு அடியில் உள்ள சிலுவை வடிவ நிலவறையில் கிடைத்த இன்னொரு கல்லில், தித்துஸ் கிரிஸ்பியுஸ் ரெபுர்ருஸ் செய்தது என்று ஒரு பெயர். கட்டடக் கலைஞராக இருக்கலாம், நிலவறை இயந்திரங்களுக்குப் பொறுப்பாளராகவும் இருக்கலாம். எப்படியோ, வேலை செய்தவர் ஒருவரின் பெயர் நிற்கிற அரங்கம் இது.

நடைமுறையில் என்ன தவறு நேர்கிறது? மூன்று. முதலாவது, வெயில். இருக்கைகளில் நிழல் என்று ஒன்று கிடையாது, வெளிறிய சுண்ணாம்புக்கல் வெப்பத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். 2019 ஜூனில் இதே கார் மாவட்டத்தில் 45 டிகிரிக்கு மேல் பதிவானது. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் திறந்தவுடன் உள்ளே போய்ப் பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாவது, படிகள். இருக்கைப் படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். தேய்ந்தும் சாய்ந்தும் இருக்கும். கைப்பிடி எல்லா இடத்திலும் கிடையாது. புடவையோ வேட்டியோ கட்டி உச்சி வரிசைக்கு ஏறுவது ஆபத்து. வழவழப்பான அடி கொண்ட செருப்பும் வேண்டாம். சின்னக் குழந்தைகளை மேல் அடுக்கில் கையை விட்டு நடக்க விடாதீர்கள். மூன்றாவது, நாள் தேர்வு. இது இன்றும் நிகழ்ச்சி நடக்கிற அரங்கம். கோடையில் இசை நிகழ்ச்சிகளுக்கு மணல்மேல் மேடையும் நாற்காலியும் போட்டுவிடுவார்கள், பாதி அரங்கம் மறைந்துவிடும், பார்வை நேரமும் சுருங்கும். பெந்தெகொஸ்தே வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் ஃபெரியா என்னும் காளைத் திருவிழா. அப்போது சாதாரணப் பார்வையாளர்களுக்கு அரங்கம் மூடியிருக்கும். ஏப்ரல், அக்டோபர் இரண்டும் தோதான மாதங்கள்.

காளைத் திருவிழா என்றதும் ஜல்லிக்கட்டை நினைத்து டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். ஃபெரியாவின் முக்கிய நிகழ்ச்சி காளையைக் கொன்று முடிக்கும் ஸ்பானிய முறை. ஜல்லிக்கட்டுக்கு நெருக்கமானது இந்தப் பகுதிக்கே உரிய காமார்க் ஆட்டம். கொம்புகளில் கட்டிய நாடாவையும் குஞ்சத்தையும் வெள்ளைச் சட்டை ஆட்கள் கையில் சிறு கொக்கியோடு ஓடிப் பறிப்பார்கள். காளை உயிரோடு வீடு திரும்பும், நல்ல காளைக்கு ஆட்டக்காரரைவிடப் பெயர் அதிகம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

மேசோன் காரே அரங்கத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பெயருக்குச் 'சதுர வீடு' என்று பொருள், ஆனால் சதுரம் அல்ல: 26 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 17 மீட்டர் உயரம். ரோமானியக் கோயில்களில் இந்த அளவுக்கு முழுமையாக நிற்பவை மிகச் சில. 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 30 தூண்கள், முன்மண்டபத்தில் உள்ள 10 மட்டுமே தனித்து நிற்பவை, மற்ற 20-ம் சுவரோடு பாதி புதைந்தவை. ஒருமுறை சுற்றி நடந்தால் தனித்தூண் எங்கே முடிந்து சுவர்த்தூண் எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடும். கிரேக்கர்கள் நான்கு பக்கமும் தனித்தூண் வைத்தார்கள். ரோமானியர்கள் கருவறையை அகலமாக்கிச் சுவரைத் தூண்வரைக்கும் தள்ளிவிட்டார்கள். படிகள் 15. ஒற்றைப்படை என்பதால் வலது காலை முதற்படியில் வைத்தால் மேலே மண்டபத்திலும் வலது காலே முதலில் படும். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போகச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நிமிர்ந்து, தூண்களுக்கு மேல் முகப்பில் ஓடும் கல்பட்டையைப் பாருங்கள். எழுத்து ஒன்றும் இருக்காது, ஒழுங்கில்லாத துளைகள்தான் இருக்கும். ஒருகாலத்தில் அங்கே வெண்கல எழுத்துகளை ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். வெண்கலத்தை யாரோ பெயர்த்துக்கொண்டு போக, ஆணித் துளைகள் மட்டும் மிஞ்சின. 1758-இல் இந்த ஊர் அறிஞர் ழான் பிரான்சுவா செகியே துளைகளின் இடைவெளியை வைத்தே எழுத்துகளைக் கண்டுபிடித்துப் படித்தார். அகஸ்டஸ் பேரரசரின் பேரர்களும் தத்துப் பிள்ளைகளுமான காயுஸ் சீசர், லூசியுஸ் சீசர் இருவருக்கும் எடுத்த கோயில் இது என்று தெரிந்தது. பட்டம் ஏற வேண்டிய இருவரும் இளம் வயதிலேயே, கி.பி. 4-க்குள் இறந்துபோனார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியம் அல்ல. இந்த இரண்டு இளவரசர்களும் கேடயத்தைத் தரையில் ஊன்றி நேர்நேராக நிற்கும் வெள்ளிக் காசு ஒன்று உண்டு. நீமுக்கு வடக்கே உள்ள லியோனில் அடித்தது. அகஸ்டஸ் காலத்துக் காசுகளில் இந்தியாவில், குறிப்பாகக் கொங்குப் பகுதிப் புதையல்களில், மிகுதியாகக் கிடைத்த வகை அதுதான். மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக வந்த காசு. அதில் நிற்கிற இருவருக்குத்தான் இந்தக் கோயில்.

ஒளிப்படம் எடுக்கிறவர்களுக்கு: கோயில் முகப்பு வடக்கு நோக்கியது, ஆகவே பகலில் பெரும்பகுதி நிழலில் இருக்கும். வெயில் பட்ட முகப்பு வேண்டுமானால் கோடையில் அதிகாலையோ சாயங்காலமோதான். துளைகளைத் தெளிவாகப் பார்க்கக் கைபேசியின் உருப்பெருக்கம் போதாது. சின்னத் தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது. முழுக் கட்டடமும் ஒரே சட்டத்தில் அடங்க எதிரே உள்ள கார்ரே தார் கட்டடத்தின் படிகளில் நில்லுங்கள். அது நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1993-இல் திறந்த நூலகமும் கலைக்கூடமும். கோயிலைவிட உயர்ந்துவிடக் கூடாது என்று ஏறக்குறையப் பாதித் தளங்களைத் தரைக்குக் கீழே இறக்கியிருக்கிறார். மெல்லிய எஃகுத் தூண்கள் கோயிலின் தூண் வரிசைக்குப் பதில் சொல்வது போல நிற்கின்றன. பழைய கட்டடத்துக்கு எதிரே புதிது கட்டுகிறவர்கள் எல்லாரும் வந்து பார்க்க வேண்டிய இடம்.

கோயிலின் உள்ளே, முன்பே சொன்னது போல, ரோமானிய மிச்சம் அதிகம் இல்லை. ஊர்ச்சபை, வீடு, குதிரை லாயம், தேவாலயம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று எல்லாமாகவும் இருந்த கட்டடம். மண்டபத்துக் கூரைப் பலகைகளும் பெரிய கதவும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சேர்ப்பு டிக்கெட் கையில் இருந்தால் நுழையுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

இங்கிருந்து வடக்கே பத்து நிமிடம் ஏற்றத்தில் நடந்தால் லாம்பேஸ் தெரு. அதிகம் கற்றுத்தரும் இடம் என்று முதலில் சொன்ன, காஸ்டெல்லும் என்னும் நீர்ப்பங்கீட்டுத் தொட்டி இங்கேதான் இருக்கிறது. கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை, சாலையிலிருந்தே முழுதாகத் தெரியும். 1844-இல் வெளிப்பட்டது. பாறையில் வெட்டிய வட்டத் தொட்டி, குறுக்களவு ஐந்தரை மீட்டர், ஆழம் 1.4 மீட்டர். ஒரு பக்கம் சதுர வாய் திறந்திருக்கும். அதுதான் ஊஸெஸ் அருகே ஊற்றெடுத்து 50 கிலோமீட்டர் ஓடிவந்த கால்வாயின் முடிவு. எதிர்ப்பக்கச் சுவரில் பத்து வட்டத் துளைகள், ஒவ்வொன்றும் சுமார் 40 சென்டிமீட்டர். அவற்றில் ஈயக்குழாய் பொருத்தி நகரத்தின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தண்ணீரைப் பிரித்தனுப்பினார்கள். தரையில் இன்னும் மூன்று துளைகள். தொட்டியைக் கழுவிவிடவா, கீழே வேறு எதற்காவது தண்ணீர் கொடுக்கவா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. துளைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதைக் கவனியுங்கள்: எந்தத் தெருவுக்கும் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. ஏரிப் பாசனத்தில் மதகும் முறைத்தண்ணீரும் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொட்டியைப் பார்த்தவுடன் புரியும். இப்படி ஒன்று நல்ல நிலையில் இருப்பது இங்கும் பொம்பேயிலும்தான் என்று சொல்லும் அளவுக்கு அரியது.

இவ்வளவு அரியதற்கு வைத்திருக்கும் விளக்கம் போதவே போதாது. உள்ளே இறங்கவும் விடுவதில்லை. மழைக்குப் பிறகு போனால் இலைகளும் சேறுமாகத் துளைகள் பாதி மூடியிருக்கும். பிற்பகல் வெளிச்சத்தில், சாலையோர வேலியின் இரு முனைகளிலும் மாறி மாறி நின்று பாருங்கள். பத்துத் துளைகளும் ஒரே பார்வையில் தெரிகிற இடம் பிடிபடும்.

அடுத்து ஃபோந்தேன் தோட்டம். அனுமதி இலவசம். நெமௌசுஸ் என்னும் தெய்வத்தின் பெயரில் நகரத்துக்கே பெயர் தந்த ஊற்று இங்கேதான். 18-ஆம் நூற்றாண்டில் மரெஷால் என்ற படைப் பொறியாளர் ரோமானிய நீர்த்தொட்டிகளின் அடித்தளத்தைப் பின்பற்றியே இப்போதைய குளங்களையும் பாலங்களையும் அமைத்தார். தண்ணீர் குடிப்பதற்கு அல்ல. தோட்டத்தின் இடப்பக்க ஓரத்தில் தியானா கோயில் என்று ஓர் இடிபாடு. கோயிலாக இருந்ததற்குச் சான்று இல்லை, நூலகமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. பார்க்க வேண்டியது அதன் கூரை: பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தது போன்ற கல்வளைவு, அதில் கற்பட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பொருந்தியிருக்கும். பாதி இடிந்திருப்பதால் அந்தப் பொருத்தை வெட்டுமுகமாகவே காணலாம். சுவர்களில் நிறையப் பெயர்கள் செதுக்கியிருக்கும். எல்லாமே சுற்றுலா வந்தவர்களின் கிறுக்கல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழையவை பிரான்ஸ் முழுவதும் ஊர் ஊராகச் சென்று தொழில் கற்ற கல்தச்சர்கள் விட்டுப்போன அடையாளங்கள். சுத்தி, மட்டப்பலகை வடிவங்கள் சில இடங்களில் தெளிவாகத் தெரியும். நல்ல கல்வேலைக்கு அவர்கள் செலுத்திய மரியாதை அது.

தோட்டத்தின் உச்சியில் தூர் மாஞ். அகஸ்டஸ் காலத்து நகர மதிலின் மிகப் பெரிய கோபுரம். முன்பு 36 மீட்டர் உயரம், இப்போது சுமார் 32. உள்ளே குறுகலான 140 படிகள், இறங்குகிறவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும். அடைத்த இடத்தில் மூச்சுத் திணறுகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். கோபுரத்தின் உள்ளே ஏன் இப்படி வெறும் பொந்தாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் ஒரு தோட்டக்காரரின் பேராசை. 1601-இல் பிரான்சுவா திரௌக்கா என்பவர், இதன் அடியில் புதையல் இருப்பதாக நம்பி, நாலாம் ஹென்றி அரசரிடம் அனுமதி வாங்கித் தோண்டினார். புதையல் கிடைக்கவில்லை. ரோமானியர்கள் தங்கள் கோபுரத்துக்குள் வைத்துக் கட்டியிருந்த இன்னும் பழைய கோல் இனத்தவர் கோபுரத்தின் கற்களைத்தான் அவர் வெளியே அள்ளிப் போட்டார். கோபுரம் விழாமல் நிற்கப் பின்னாளில் உள்ளே முட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. மேலிருந்து தெரியும் காட்சி நன்றாக இருக்கும். வானம் தெளிந்த நாளில் வோந்து மலைகூடத் தெரியும். ஆனால் சேர்ப்பு டிக்கெட் இல்லாதவர்களுக்கு ஏறியே ஆக வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை, அடிவாரத்தில் நின்றாலே பாதி ஊர் தெரிகிறது.

ரயில் நிலையம் திரும்பும் வழியில் சற்றே சுற்றினால் அகஸ்டஸ் வாசல். நடுவில் வண்டிகளுக்கு அகலமான இரண்டு வளைவுகள், இரு ஓரத்திலும் ஆட்கள் நடக்கக் குறுகலான இரண்டு. போக ஒரு வழி, வர ஒரு வழி, நடப்பவருக்குத் தனி வழி. இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குப் போன தொமிசியா நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தது. கம்பி வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்துவிடலாம், பத்து நிமிடம் போதும்.

ரொமானித்தே அருங்காட்சியகம் 2018 ஜூனில் திறந்தது. எலிசபெத் து போர்சாம்பார்க்கின் வடிவமைப்பு. மடிப்பு மடிப்பான கண்ணாடி முகப்பு, எதிரே நிற்கும் அரங்கத்துக்கு உடுத்திய துணி போல அலைகிறது. உள்ளே சுமார் 5,000 பொருட்கள். நேரம் குறைவென்றால் தரைச்சித்திரங்களுக்கு நேரே போங்கள். கிரேக்கப் புராண மன்னன் பெந்தேயுஸ் கதையைச் சொல்லும் தரைச்சித்திரம் 2006-07-இல் ஊருக்குள்ளேயே வாகன நிறுத்தம் கட்டுவதற்கு முன் தோண்டியபோது கிடைத்தது. கல்துண்டுகளின் அளவு முகத்தில் சிறுத்தும் ஓரக்கோலத்தில் பெருத்தும் இருப்பதை அருகில் நின்று பார்க்கலாம். கண்காட்சியில் தொடுதிரையும் காணொளியும் அதிகம். குழந்தைகளுக்குப் பிடிக்கும், கல்லைப் பார்க்க வந்தவர்களுக்கு இடைஞ்சல். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட் எடுக்க விருப்பம் இல்லாவிட்டாலும் மேல்மாடிக்கு ஏறுங்கள், அது இலவசம். அரங்கத்தின் உச்சிக்கட்டையும் அதன் கல்தாங்கிகளையும் கண்மட்டத்தில் பார்க்க ஊரில் இதைவிட நல்ல இடம் கிடையாது. குளிர்காலத்தில் வார விடுமுறை உண்டு, நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு இந்த ஊர்ப் பண்டம் பிராந்தாத்: உப்பிட்ட கருவாட்டு மீனை ஊறவைத்து உப்பு நீக்கி, ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய் போல மசித்தது. கருவாடு பிடித்தவர்களுக்கு ரொட்டியோடு நன்றாக இருக்கும். மீன் சேர்ந்தது என்பது பார்த்தால் தெரியாது, சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். மேசோன் காரேக்குச் சற்று வடகிழக்கே உள்ள மூடுசந்தை காலையில்தான் களைகட்டும். பச்சை ஆலிவும் பழமும் அங்கே வாங்கிக்கொண்டு ஃபோந்தேன் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது மலிவும் நிம்மதியும்.

காஸ்டெல்லும் தொட்டியைப் பார்த்தவர்கள் அடுத்த நாள் போன் து கார் பாலத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது. அதே தண்ணீர் அந்தப் பாலத்தின் மேல்தான் கார்தோன் ஆற்றைக் கடந்து வந்தது. மூன்று அடுக்கு, சுமார் 49 மீட்டர் உயரம். கீழே 6 வளைவுகள், நடுவில் 11, மேலே இன்று 35 (கட்டியபோது 47). ஊற்றுக்கும் தொட்டிக்கும் இடையே மொத்த இறக்கம் 12 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் அளவில். ஆனால் சீராகச் சரிக்கவில்லை. பாலத்துக்கு முன்னால் இறக்கத்தை அதிகமாக்கி, பாலத்துக்குப் பின்னால் மிகக் குறைத்துவிட்டார்கள். சீராகவே விட்டிருந்தால் பாலத்தை இன்னும் பல மீட்டர் உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கின் விலை பின்னால் தெரிந்தது: தட்டையான பகுதியில் தண்ணீர் மெல்ல ஓட, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு கால்வாய்ச் சுவரில் கெட்டியாகப் படிந்து வழியைக் குறுக்கியது. சுத்தம் செய்ய ஆளில்லாத காலம் வந்ததும் அடைப்பு கூடியது. அந்தப் படிவத்தையே பிற்காலத்தார் வெட்டியெடுத்துக் கட்டடக் கல்லாகப் பயன்படுத்தினார்கள்.

பாலத்தில் கவனிக்க வேண்டியவை: வளைவுக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். வளைவு ஒரே துண்டாக இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தனி வளைவுகளாக இருக்கும். கற்களில் சில வெளியே துருத்தி நிற்பது சாரம் கட்டுவதற்கு. சில கற்களில் 'முகப்பு, இடப்பக்கம், இரண்டு' என்று பொருள்படும் சுருக்கெழுத்து உண்டு. குவாரியிலிருந்து வந்த கல் எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு. ஒட்டி நிற்கும் சாலைப்பாலம் 1740-களில் சேர்த்தது, ரோமானியப் பாலத்தின் பகுதி அல்ல. மேலே தண்ணீர் ஓடிய கால்வாய்க்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். அதற்கு இடம் குறைவு, முன்பதிவு செய்யாமல் போனால் கிடைக்காது. உள்ளே போனால் அந்தச் சுண்ணாம்புப் படிவத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், அதற்காகவே காசு கொடுக்கலாம்.

நீமிலிருந்து பாலத்துக்குப் பேருந்து சோந்தர் நிலையத்தின் பின்புறத்திலிருந்து புறப்படுகிறது. சாலைச் சந்திப்பில் இறக்கிவிடும், அங்கிருந்து சிறிது நடை. ஞாயிறும் விடுமுறை நாளும் பேருந்து மிகக் குறைவு. இறங்கிய உடனே திரும்பும் நேரத்தை நிறுத்தத்திலேயே படம் பிடித்துவிடுங்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அந்தச் சந்திப்பில் வாடகைக் கார் எளிதில் கிடைக்காது.